சாண எரிவாயு அடுப்பு எரியவில்லையா? கலனை உடைக்கும் முன் பாருங்கள்

எங்கள் ஊர்ப்பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் நடந்தால் கைவிடப்பட்ட சாண எரிவாயுக் கலன்கள் கண்ணில் படும். சாணம் கரைக்கும் கலக்குத் தொட்டியில் கோழி அடைகாக்கும். வெளியேற்றுத் தொட்டியின் ஓரத்தில் எருக்கு முளைத்திருக்கும். கேட்டால், "கேஸ் வரவில்லை, விட்டுவிட்டோம்" என்பார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிக் கிடந்த ஏழெட்டுக் கலன்களை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வாயு சேரும் குவிமாடம் உண்மையிலேயே விரிசல் விட்டிருந்தது ஒன்றில்தான். மற்றவற்றில் ரப்பர் குழாய் வெயிலில் கீறியிருந்தது, அல்லது குழாயில் தண்ணீர் தேங்கியிருந்தது, அல்லது இரண்டு மாட்டை விற்றுவிட்டுக் கலனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே வீட்டுக்காரரே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை, கோளாறு எப்படித் தெரிகிறதோ அந்த வரிசையில் எழுதுகிறேன். என்னுடையது 2 கன மீட்டர் தீனபந்து வகை. அஃப்ப்ரோ (AFPRO) என்ற தன்னார்வ அமைப்பு 1984 இல் உருவாக்கிய வடிவம் அது. செங்கல்லும் சிமெண்டும்தான், அசையும் பாகம் ஒன்றும் கிடையாது. காதி கிராமத் தொழில் ஆணையம் 1960களில் பரப்பிய, இரும்பு உருளை மிதக்கும் பழைய வகையை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எதற்கும் முன்: ஒரு சுண்ணக்கட்டிக் கோடு

குவிமாடத்துக்குள் வாயு சேரச் சேர, அது உள்ளிருக்கும் சாணக் கரைசலைக் கீழே அழுத்தி வெளியேற்றுத் தொட்டிக்குள் ஏற்றும். அடுப்பை மூட்டியதும் அதே கரைசல் திரும்ப உள்ளே இறங்கி வாயுவைக் குழாய்க்குள் தள்ளும். ஆக, வெளியேற்றுத் தொட்டியில் தெரியும் மட்டம்தான் உங்கள் அளவுமானி.

இரவுச் சமையல் முடிந்ததும் குவிமாடத்தின் உச்சியில் இருக்கும் வால்வை மூடுங்கள். வெளியேற்றுத் தொட்டியின் சுவரில் கரைசல் நிற்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். விடிந்ததும் பாருங்கள்.

மட்டம் நன்றாக ஏறியிருந்தால் வாயு உற்பத்தியாகிறது, தங்கவும் செய்கிறது. குறை வால்வுக்கு இந்தப் பக்கம், குழாயிலோ அடுப்பிலோ இருக்கிறது. கலனைத் தொடவே வேண்டாம். மட்டம் ஏறவே இல்லை என்றால் வாயு உண்டாகவில்லை, அல்லது உண்டாகி ஒழுகுகிறது. தினமும் ஒரே உயரம் வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டால் ஒழுக்கு என்று சந்தேகிக்கலாம். அழுத்தம் அந்த அளவைத் தொட்டதும் விரிசல் வழிவிடுகிறது.

மிதக்கும் உருளை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. உருளை இரவில் எவ்வளவு எழும்பியது என்று பார்த்தால் போதும்.

இந்த ஒரு கோட்டைப் போடாமல் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள்.

"புதுக் கலன், மாதம் ஒன்றாயிற்று, எரியவில்லை"

பொறுமை வேண்டிய இடம் இது. 2 கன மீட்டர் கலனை முதல் முறை நிரப்ப ஏறக்குறைய 2 டன் சாணம் வேண்டும். நான்கு மாட்டுச் சாணத்தைச் சேர்த்து நிரப்புவதற்குள் ஒன்றரை மாதம் ஆகிவிடும். முதலில் குவித்த சாணம் அதற்குள் வெயிலில் காய்ந்து வறட்டியாகிவிடும். அதில் சத்தும் இல்லை, உயிரும் இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டுத்தரைகளில் கேட்டு வாங்கி ஒரு வாரத்துக்குள் பச்சைச் சாணமாகவே நிரப்புங்கள். நன்றாக ஓடும் கலனிலிருந்து பழைய கரைசல் பத்துப் பதினைந்து குடம் கிடைத்தால் தயங்காமல் ஊற்றுங்கள். பாலுக்கு உறைமோர் போல அது வேலை செய்யும்.

முதலில் சேரும் வாயுவில் காற்றும் கரியமில வாயுவும்தான் மிகுதி. அது எரியாது. காற்றோடு கலந்திருப்பதால் குழாய் முனையில் தீக்குச்சி வைத்துப் பார்ப்பது ஆபத்தும்கூட. முதல் இரண்டு முறை சேரும் வாயுவைத் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். மூன்றாவது முறை அடுப்பில் மட்டும் மூட்டிப் பாருங்கள்.

"வாயு வருகிறது, ஆனால் தீப்பிடிக்கவில்லை, பிடித்தாலும் அணைகிறது"

சிலிண்டர் அடுப்பைக் கொண்டுவந்து இணைத்திருக்கிறீர்களா? அதுதான் காரணம். சிலிண்டர் வாயு செறிவானது. அதற்கு ஊசித் துளை போதும். சாண எரிவாயுவில் மீத்தேன் 55 முதல் 60 விழுக்காடுதான், மிச்சம் பெரும்பாலும் எரியாத கரியமில வாயு. அதற்குப் பெரிய துளையும் வேறு வகையான பர்னரும் வேண்டும். ஆணியால் துளையைப் பெரிதாக்கிச் சமாளிக்காதீர்கள். சாண எரிவாயுவுக்கென்றே செய்த அடுப்பு கிடைக்கிறது.

சரியான அடுப்பிலேயே சுடர் பர்னரை விட்டு எம்பி அணைந்தால் காற்றுத் துளை அதிகமாகத் திறந்திருக்கிறது. அடுப்பின் கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பிக் குறையுங்கள். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரியானால் காற்று போதவில்லை. அந்தக் கழுத்துக்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும். அல்லது பால் பொங்கி வழிந்து பர்னர் துளைகள் அடைத்திருக்கும். ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்துங்கள். காய்ந்த பாலாடை கறுப்புப் பொட்டுப் பொட்டாக உதிரும். நீலச் சுடர், மெல்லிய இரைச்சல், இரண்டும் வந்தால் சரி.

"சுடர் துள்ளுகிறது, விட்டுவிட்டு எரிகிறது"

அம்மாதான் முதலில் கவனித்தார். "அடுப்புக்கு விக்கல் எடுக்கிறது" என்றார். நான் கலனில்தான் குறை என்று நினைத்துக் கூடுதலாக நான்கு கூடை சாணம் கரைத்து ஊற்றினேன். விக்கல் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் கட்டுத்தரைச் சுவரோரம் நின்றபோது, குழாய்க்குள்ளிருந்து களக் களக் என்று சத்தம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே குழாய் தொட்டில்போலத் தொய்ந்திருந்தது. இணைப்பைக் கழற்றிச் சாய்த்தேன். அரைச் சொம்பு தண்ணீர் கொட்டியது. அன்று மதியம் சோறு ஒரே கொதியில் வெந்தது.

கலனுக்குள்ளிருந்து வரும் வாயு ஈரத்தோடுதான் வரும். வெளியே குழாய் குளிர்ந்ததும் அந்த ஈரம் துளியாகி, பள்ளமான இடத்தில் தேங்கும். தேங்கிய தண்ணீரை வாயு குமிழியிட்டுத் தள்ளிக்கொண்டு வருவதால்தான் சுடர் துள்ளுகிறது. குழாய் எங்கும் தொய்யக் கூடாது. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஒரே பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவு முடியும் தாழ்ந்த இடத்தில் ஒரு T வடிவ இணைப்பும் திருகு மூடியும் வைத்து, வாரம் ஒரு முறை திறந்து வடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் வாரம் இரு முறை.

"காலையில் சரியாக இருக்கிறது, மாலையில் இல்லை"

கணக்குப் போடும் இடம் இது. ஒரு கிலோ பச்சைச் சாணம் ஏறக்குறைய 40 லிட்டர் வாயு தரும். 2 கன மீட்டர் வேண்டுமென்றால் நாளுக்கு 50 கிலோ சாணம். ஒரு மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ என்றால் ஐந்து உருப்படி. அந்த அளவு போட்டால், ஒற்றை பர்னர் நாளுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எரியும். பதினாறு பதினேழு நாளில் ஒரு சிலிண்டருக்கு ஈடான வாயு.

ஆனால் மேய்ச்சலுக்குப் போகும் மாடு பாதிச் சாணத்தைக் காட்டில் போட்டுவிட்டு வரும். கட்டுத்தரையில் கிடைப்பது இரவுச் சாணம்தான். "ஐந்து மாடு இருக்கிறதே" என்று சொல்பவரிடம் ஒரு வாரம் சாணத்தை எடை போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் 30 கிலோவைத் தாண்டாது. எனக்கும் கோடைமேய்ச்சல் நாட்களில் அப்படித்தான்.

அடுத்தது தண்ணீர். சாணத்துக்குச் சம அளவு என்பது விதி. கரைத்தால் கம்பங்கூழ் பதம் வர வேண்டும். கையை விட்டு எடுத்தால் விரல்களில் மெல்லப் படிந்து வழிய வேண்டும். மோர்போல ஓடினால் கலனில் பாதிக்கு வெறும் தண்ணீரை நிரப்புகிறீர்கள். களிபோல் இருந்தால் உள்ளே இறங்காமல் குழாயிலேயே அடைக்கும். பசும்புல் தின்னும் கலப்பின மாட்டின் சாணம் தண்ணீராகவே இருக்கும், அதற்குச் சமஅளவு தண்ணீர் அதிகம். விதியைவிடப் பதத்தை நம்புங்கள். கரைக்கும்போது வைக்கோல், கல், மணல் எல்லாவற்றையும் கையால் எடுத்து எறியுங்கள். மணல் அடியில் படிந்து ஆண்டுக்கு ஆண்டு கலனின் கொள்ளளவைத் தின்றுவிடும்.

மார்கழி, தை மாதங்களில் சமவெளியிலும் வாயு குறையும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இன்னும் கடுமையாகக் குறையும். உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு 30 முதல் 35 டிகிரி வெப்பம் பிடிக்கும். 15 டிகிரிக்குக் கீழே அவை சோர்ந்துவிடும். கரைக்கும் தண்ணீரைக் காலையிலேயே வெயிலில் வைத்துவிட்டு, உச்சிப் பொழுதில் கரைத்து ஊற்றுங்கள். குவிமாடத்தின் மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்புங்கள். இரண்டும் செலவில்லாதவை.

"திடீரென்று நின்றுவிட்டது, கரைசலில் புளித்த வாடை"

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கலன் என்பது மாட்டின் வயிற்றைப் போன்றது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் மாட்டிடமிருந்து வந்தவைதான். அவற்றில் இரண்டு கூட்டம். ஒன்று சாணத்தை அமிலமாக உடைக்கும். மற்றொன்று அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். முதல் கூட்டம் வேகமானது, முரடு. இரண்டாவது மெதுவானது, சீக்கிரம் நோகக்கூடியது. இரண்டாவது கூட்டம் அடிபட்டால் அமிலம் தேங்கிப் புளித்துப்போகும், வாயு நின்றுவிடும்.

அடிபடுவதற்கு நான் கண்ட காரணங்கள் மூன்று. விசேஷம் முடிந்து மீந்த சோற்றையும் பாயசத்தையும் அண்டா அண்டாவாகக் கலனில் கொட்டுவது முதலாவது. கட்டுத்தரையைப் பினாயிலோ சோப்புத்தூளோ போட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரிலேயே சாணம் கரைப்பது இரண்டாவது.

மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. எங்கள் பசு ஒன்றுக்கு மடிநோய் வந்து மருத்துவர் ஐந்து நாள் ஊசி போட்டார். பாலைக் கறந்து தனியே கொட்டினோம், கன்றுக்குக்கூடக் கொடுக்கவில்லை. அதன் சாணத்தை மட்டும் வழக்கம்போல் அள்ளிக் கரைத்தோம். எட்டாம் நாள் சுடர் விரற்கடை அளவுக்கு இறங்கிவிட்டது. மடியில் இருக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து, சாணத்தோடு இறங்கிக் கலனில் இருக்கும் நுண்ணுயிரையும் விடுவதில்லை. இப்போதெல்லாம் ஊசி போட்ட மாட்டின் சாணத்தை, மருத்துவம் முடிந்து ஒரு வாரம் வரை, நேரே எருக்குழிக்கு அனுப்பிவிடுகிறேன்.

சரிசெய்ய: லிட்மஸ் தாள் வாங்கி வெளியேற்றுத் தொட்டிக் கரைசலில் நனைத்துப் பாருங்கள். நீலத் தாள் சட்டென்று சிவந்தால் அமிலம். வண்ண அட்டையோடு வரும் தாள் கிடைத்தால் அளவே தெரியும்: 7ஐ ஒட்டி இருந்தால் நலம், 6.5க்குக் கீழே போனால் நோய். ஒரு வாரம் பத்து நாள் எதுவும் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிநீரை மட்டும் நாளுக்குக் கொஞ்சமாக விடுங்கள். பிறகு நல்ல கலனிலிருந்து பழைய கரைசல் சில குடம் ஊற்றி, பாதி அளவுச் சாணத்தில் தொடங்குங்கள். வயிறு கெட்டவருக்குக் கஞ்சி கொடுப்பதுபோலத்தான். முழு அளவுக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

"மேலே ஏடு கட்டிவிட்டது"

வைக்கோல் துணுக்கும் தீவனத் தண்டும் மேலே மிதந்து கட்டியாகி வாயுவை மேலே வரவிடாமல் மூடிவிடும். உருளை வகையில் தினமும் உருளையை இடமும் வலமுமாக இரண்டு சுற்றுத் திருப்பினால் ஏடு உடையும். தீனபந்துவில், நுழைவுக் குழாய் வழியாக நீண்ட மூங்கிலை விட்டு, வாரம் ஒரு நாள் இருபது முப்பது முறை இடித்துக் கலக்குங்கள்.

"எரிவாயுக் குழாயில் கரைசல் வந்துவிட்டது"

வெளியேற்றுத் தொட்டியிலிருந்து வழியும் வாய் காய்ந்த கரைசலால் அடைத்திருக்கும். உள்ளே மட்டம் ஏறி, கரைசல் குழாய்க்குள் புகுந்திருக்கும். வாயை மண்வெட்டியால் திறந்து, குழாயைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவினால் தீர்ந்தது.

"சமையலறையில் அழுகிய முட்டை நாற்றம்"

இதைப் படித்ததும் எழுந்து செய்யுங்கள்: தீக்குச்சி கிழிக்காதீர்கள், மின்விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள், கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள், வெளியே போய்க் குவிமாடத்து வால்வை மூடுங்கள். நாற்றம் போனபின், குழாயில் மீண்டும் வாயு விட்டு, சோப்பு நுரையை இணைப்புகளிலெல்லாம் தடவுங்கள். குமிழ் ஊதும் இடம்தான் ஒழுக்கு. ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்தில் நுண்ணிய கீறல்கள் தெரிந்தால் ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். குவிமாடத்து உச்சியில் இரும்புக் குழாய் சிமெண்டுக்குள் இறங்கும் இடத்தையும் மண்ணை விலக்கி நுரை தடவிப் பாருங்கள். மாடத்தில் ஒழுக்கு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த ஒரு இணைப்புத்தான். உருளை வகையில், கரைசல் மட்டத்தை ஒட்டிய வளையத்தில் துருத்துளைகள் விழும். ஆண்டுக்கு ஒரு முறை சுரண்டி வண்ணம் பூசுபவர்களுக்கு அது வராது.

"கரைசலை வயலுக்கு விட்டோம், பயன் தெரியவில்லை"

வெளியே வரும் கரைசல் எரிவாயுவைவிடப் பெரிய வரவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாணத்திலிருந்த தழைச்சத்து உள்ளே எங்கும் போய்விடவில்லை. பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் அம்மோனியா வடிவத்துக்கு ஒரு பகுதி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பகுதிதான் வெயிலில் பறந்துபோவதும். கரைசலைத் திறந்த மண்ணில் ஓடவிட்டு, காய்ந்து அப்பளமானபின் வெட்டி வண்டியேற்றுபவர்கள் அதை ஆகாயத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

பாசனம் நடக்கும் நாளில் மடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடுவதே சிறந்த வழி. பாசனம் இல்லாத நாளில், நிழலில் குழி வெட்டி, ஒரு சாண் உயரம் காய்ந்த இலை, சோளத்தட்டைத் துண்டு, அதன்மேல் கரைசல், மீண்டும் இலை என்று அடுக்குங்கள். இலை ஈரத்தையும் சத்தையும் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்த உடனே செடியின் அடியில் கெட்டியாக ஊற்றினால் மேலே ஏடு கட்டி வேருக்குக் காற்றை மறிக்கும், இளங்கன்றுகள் மஞ்சளாகும். ஓரிரு நாள் ஆறவிட்டு, தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். மண்புழுத் தொட்டிக்கும் புதுக் கரைசலைக் கொட்டாதீர்கள். பரப்பி, ஈரம் வடிந்து, வாடை போனபின் போட்டால் புழுக்கள் தாமாக ஏறிவரும்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களைப் போட்டும் பலன் இல்லை என்பவர்கள் முதலில் பாக்கெட்டின் காலாவதி நாளையும், அதை வைத்திருந்த இடத்தையும் பாருங்கள். தகரக் கூரையடியில் வெயில் தின்ற பாக்கெட்டில் உயிர் இருக்காது. ஹெக்டேருக்கு 200 கிராம் பாக்கெட் 10. அதோடு 25 கிலோ தொழு உரமும் 25 கிலோ மண்ணும் கலந்து தூவுவது வேளாண்துறையின் பரிந்துரை. தொழு உரத்துக்குப் பதிலாக இந்தக் குழி எருவையே நான் கலக்கிறேன். யூரியாவோடோ பூஞ்சணக்கொல்லியோடோ ஒரே கலவையாகப் போடாதீர்கள்.

கலனைத் திறந்தே ஆக வேண்டுமென்றால்

மேலே சொன்ன எல்லாம் பார்த்தும் சுண்ணக்கட்டிக் கோடு அசையவில்லை, கரைசலும் புளிக்கவில்லை என்றால், மாடத்துக்குள் விரிசல் இருக்கலாம். அல்லது மணல் பாதி நிரம்பியிருக்கலாம். திறந்து கழுவி, விரிசலைக் கொத்தி, சிமெண்டுப் பூச்சுக்கு மேல் வாயு கசியாத வண்ணம் பூச வேண்டும். அது தீனபந்து கட்டித் தெரிந்த கொத்தனாரின் வேலை.

கரைசலை வாளியால் வெளியேயிருந்தே இறைத்துவிட்டு, எல்லா வாய்களையும் சில நாள் திறந்து போடுங்கள். உள்ளே மூச்சுக்காற்று இருக்காது. இறங்கியவர் குரல் கொடுக்கும் முன்பே மயங்கிவிடுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார். அந்தக் காலத்தில் கூடையில் ஒரு கோழியை வைத்து இறக்கி, அது துடிப்பாக இருக்கிறதா என்று சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்குவார்கள். அதைச் செய்யாமல் யாரையும் இறங்கவிடாதீர்கள். கோழி தேறினாலும், காற்று ஊதும் மின்விசிறியை வாயில் ஓடவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். விளக்கோ பீடியோ அருகில் வரக் கூடாது.

இறைத்த கரைசலில் நான்கைந்து டிரம் மட்டும் தனியே எடுத்து, லேசாக மூடி நிழலில் வையுங்கள். பூச்சு காய்ந்து மறுபடி நிரப்பும் நாளில், புதுச் சாணத்துக்கு உறையாக ஊற்ற அதுதான் வேண்டும்.